செவ்வாய்க்கிழமைத் தண்ணீர்

ஒத்தப்பாறை,
மன்னவனூர் வழி.
6.1.2025

ஹெப்சிபா மேடம் அவர்களுக்கு,

ரோகிணி எழுதுவது. போன வைகாசி வரைக்கும் உங்களை அக்கா என்று கூப்பிட்டேன். இனிமேல் மேடம் என்றே இருக்கட்டும். உங்கள் நம்பரைப் போனில் பிளாக் செய்து வைத்திருக்கிறேன். பேசினால் என் வாயில் என்ன வரும் என்று எனக்கே தெரியாது. அதனால்தான் தாளில் எழுதுகிறேன்.

எங்கள் வக்கீல் பென்சன் சார் கோர்ட்டு வராந்தாவில் வைத்து என் கையில் இரண்டு காகிதம் கொடுத்தார். ஒன்று உங்கள் சட்டக் கல்லூரி அச்சடிக்கும் செய்தி மடல். அதில் ‘பேராசிரியர்களின் அண்மைப் பணிகள்’ என்று ஒரு பக்கம். ஃபெமினா என்கிற பேராசிரியர், விண்வெளியில் இரண்டு செயற்கைக்கோள் மோதினால் யார் பொறுப்பு என்று ஜெனீவாவில் பேசினாராம். அடுத்தவர் ஆன்லைன் சூதாட்டச் சட்டம் பற்றிப் புத்தகம் போட்டாராம். மூன்றாவதாக நீங்கள். பட்டுப்புடவையில் சிரித்துக்கொண்டு நிற்கிறீர்கள். மேல்பழனி மலையில் கல்லோடை என்ற ஓடையின் தண்ணீர் எந்த வீட்டுக்கு எந்தக் கிழமை என்கிற நீர்முறை பற்றி எழுதிய கட்டுரைக்கு வெளிநாட்டு ஆய்விதழின் பரிசு. பார்த்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். எங்கள் ஓடை செயற்கைக்கோளுக்குப் பக்கத்தில் அச்சாகியிருக்கிறதே!

இரண்டாவது காகிதம் அந்தக் கட்டுரையின் 214ஆம் பக்கம். அதைக் கோர்ட்டில் தாக்கல் செய்தது நம் வக்கீல் இல்லை, எதிர்க்கட்சி வக்கீல். ஓடைக்கு மேலே ரிசார்ட் கட்டுகிறவர் தலைமடைக்குக் குழாய் போடப் பார்க்கிறார், நாங்கள் தடை கேட்டு வழக்குப் போட்டிருக்கிறோம், இது உங்களுக்குத் தெரியும். அவர் தரப்பு இப்போது சொல்வது இதுதான்: “செவ்வாய்க்கிழமை காலை ஆறிலிருந்து பத்து வரை வரும் தண்ணீர் யாருக்கும் சொந்தமில்லை. அந்த முறை காலாவதியாகிவிட்டது. இதைச் சொல்வது நாங்கள் அல்ல, இந்த ஊரில் நாற்பது நாள் தங்கிய பேராசிரியர்.” ஆகவே அந்த நாலு மணி நேரத் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொள்கிறாராம். குழாய்க்குக் கிழமை தெரியுமா மேடம்? ஒருதடவை போட்டுவிட்டால் புதனும் வியாழனும் அதற்கு ஒன்றுதான்.

என் வீட்டில் சாப்பிட்டீர்கள். என் கம்பளியைப் போர்த்திக்கொண்டீர்கள். எங்கள் செவ்வாய்க்கிழமையை இப்படி எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது? அந்தத் தண்ணீர் ஒன்றும் சும்மா போகவில்லை.

ரோகிணி


சென்னை,
11.1.2025

அன்புள்ள ரோகிணி,

உன் கடிதத்தை ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் பிரித்தேன். கதவைச் சாத்திவிட்டு வாசித்திருக்க வேண்டும். ஃபெமினா எட்டிப்பார்த்து, “என்ன, ஊர்ல ஏதும் துக்கமா?” என்று கேட்டுவிட்டாள்.

கோபப்படு, உனக்கு உரிமை உண்டு. ஆனால் நான் பொய் எழுதவில்லை. தலைமடைப் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்து நாற்பது நாள் குறிப்பெடுத்தேன். நோட்டில் மூன்று கட்டம்: வயல் மடையை யார் திறந்தார், எப்போது, எவ்வளவு நேரம். எட்டு வீட்டின் முறையும் நிமிடக் கணக்கில் அதில் இருக்கிறது. செவ்வாய் காலை ஆறிலிருந்து பத்து வரை மட்டும் யாரும் திறக்கவில்லை. ஆறு செவ்வாய் பார்த்தேன், ஆறு கட்டத்திலும் கோடுதான் போட்டேன். வேல்ராஜ் சுவரில் சாய்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார், பெண்கள் பேன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓய்வு நேரம் என்று எழுதிக்கொண்டேன்.

அது நல்லுசாமி வீட்டு முறை என்றும், அவர்கள் திருப்பூருக்குப் போய் இருபத்தோரு வருடம் ஆகிறது என்றும் சொன்னது நீதான். இருபது வருடம் தொடர்ந்து அனுபவிக்காத பாத்தியதை அற்றுப்போகும் என்பது சட்டத்தில் இருக்கிறது. பார்த்ததையும் படித்ததையும் சேர்த்து ஒரு வாக்கியம் எழுதினேன். என் வேலையே அதுதானே?

இதை எழுதும்போதே என் குரல் எதிர்க்கட்சி வக்கீல் குரல் மாதிரி எனக்கே கேட்கிறது. நான் கொடைக்கானல்காரி, மிஷன் பள்ளிக்கூடச் சமையல்காரர் மகள். அந்த மலைக்குக் கெடுதல் செய்யவா இவ்வளவு படித்தேன்?

‘தண்ணீர் சும்மா போகவில்லை’ என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. சும்மா போகாமல் என்ன செய்கிறது? தயவுசெய்து எழுது. திட்டிக்கொண்டே எழுதினாலும் சரி.

ஹெப்சிபா


ஒத்தப்பாறை,
17.1.2025

மேடம் அவர்களுக்கு,

பொங்கல் முடிந்தது. இங்கே ஒருவருக்கும் முகத்தில் களையில்லை. ஐப்பசியில் வரவேண்டிய மழை ஏமாற்றிவிட்டது. கார்த்திகையில் போட்ட பூண்டு இப்போதுதான் கிழங்கு கட்டப் போகிறது. இந்த நேரத்தில் தண்ணீர் குறைந்தால் பல் பெருக்காது, சுண்டைக்காய் மாதிரி நின்றுவிடும்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். யார் திறந்தார் என்று கட்டம் போட்டீர்கள். யார் திறக்காமல் இருந்தார் என்று ஒரு கட்டம் போட உங்களுக்குத் தோன்றவில்லை.

செவ்வாய் காலையில் வேல்ராஜ் ஓய்வெடுக்கவில்லை மேடம். அவருக்கு ஓய்வே கிடையாது, ஆயிரம் சோலி. ஆனால் அந்த நாலு மணி நேரம் ஒத்தப்பாறையில் யாரும் மம்பட்டியைத் தொட மாட்டோம். வீட்டுக்குள் சாத்தி வைத்துவிடுவோம். கையில் மம்பட்டி இருந்தால் கை சும்மா இருக்காது என்பதால்தான். நல்லுசாமி அண்ணன் வீட்டுத் தண்ணீர் எங்கள் எல்லா வயலையும் ஒட்டிக்கொண்டு போய், கீழே பள்ளத்தில் விழுந்து ஓடையோடு சேர்ந்துவிடும். வழியில் ஒருத்தரும் ஒரு கை மண் தள்ள மாட்டார். வீட்டுக்காரர் இல்லாத முறை என்றால் தண்ணீரைப் போகவிட வேண்டும். அவ்வளவுதான்.

வேல்ராஜைப் பற்றி உங்களுக்கே தெரியும். அடுத்தவன் விறகு, அடுத்தவன் கோழி, போன வருடம் சர்ச் பெஞ்சு ஒன்று, எதுவும் அவர் கைக்குத் தப்பாது. அந்த ஆளே செவ்வாய்த் தண்ணீரைத் தொட்டதில்லை. பத்து மணிக்குமேல் என் முறை. எனக்கு முந்தின நாலு மணி நேரம் என் வரப்பை உரசிக்கொண்டு தண்ணீர் போவதை ஒவ்வொரு வாரமும் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். வெயில் ஏற ஏற ஓடை மெலியும். எனக்கு மிஞ்சுவது மெலிந்த தண்ணீர்தான்.

இதை ஏன் உங்களிடம் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். மூச்சு விடுகிறோம் என்று யாராவது விருந்தாளியைக் கூப்பிட்டுச் சொல்வார்களா? நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. இப்போது தெரிந்துவிட்டது. என்ன செய்யப் போகிறீர்கள்?

ரோகிணி


சென்னை,
24.1.2025

அன்புள்ள ரோகிணி,

உன் கடிதத்தை நான்கு முறை வாசித்தேன். நான்காம் முறை எழுந்து நின்று வாசித்தேன். ஏன் எழுந்தேன் என்று தெரியவில்லை. சர்ச்சில் சில இடங்களில் எல்லோரும் எழுந்து நிற்போமே, அப்படித்தான்.

பதினெட்டு வருடமாகச் சட்டம் சொல்லிக்கொடுக்கிறேன். அடுத்தவன் உரிமையில் கை வைக்காதே என்று எல்லாச் சட்டமும் சொல்கிறது. சொல்லிவிட்டுப் பின்னால் ஒரு போலீஸ்காரரையும் நிறுத்தி வைக்கிறது. உங்கள் செவ்வாய்க்கிழமைக்குப் பின்னால் யாருமே நிற்கவில்லை. உரியவரும் ஊரில் இல்லை. காய்கிற பூண்டுக்கு நடுவே இருபத்தோரு வருடம், வாரம் தவறாமல், எட்டு வீடும் தண்ணீரைப் போகவிட்டிருக்கிறது. நான் அதன் எதிரிலேயே கல்லில் உட்கார்ந்து ஆறு தடவை பார்த்தேன். பார்த்துவிட்டு ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று எழுதினேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. வெட்கத்தைவிடப் பெரிதாகப் பிரமிப்பாகவும் இருக்கிறது.

செய்ததைச் சொல்கிறேன். ஆய்விதழ் ஆசிரியருக்கு, 214ஆம் பக்கத்து முடிவு தவறு, அதை நானே திரும்பப் பெறுகிறேன் என்று எழுதிவிட்டேன். எங்கள் டீன் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். “தவறுன்னு ஏம்மா சொல்றீங்க? ‘கூடுதல் விளக்கம்’னு போடுங்க, யாருக்கும் உறுத்தாது. மார்ச்ல உங்க பதவி உயர்வு நேர்காணல் இருக்கு” என்றார். நல்ல மனிதர், என் நன்மைக்குத்தான் சொன்னார். ஆனால் கூடுதல் விளக்கத்தை வைத்து பென்சன் சார் கோர்ட்டில் என்ன செய்வார்? தவறு என்றே எழுதினேன். பரிசைத் திருப்பி வாங்கிக்கொள்வோம் என்று நேற்றுப் பதில் வந்துவிட்டது. எதற்கும் இவ்வளவு வேகமாக அவர்கள் பதில் போட்டு நான் பார்த்ததில்லை.

அபிடவிட் ஒன்றும் தாக்கல் செய்திருக்கிறேன். நேரில் பார்த்து வர கோர்ட் ஒரு வக்கீலைக் கமிஷனராக நியமித்திருக்கிறதாம். பிப்ரவரி பதினொன்று, செவ்வாய்க்கிழமை. எனக்கும் வர ஆசைதான். நான் வந்தால் ஊருக்குச் சொல்லிக்கொடுத்து நடிக்கவைத்தேன் என்று எதிர்க்கட்சி சொல்லும், வரவேண்டாம் என்று பென்சன் சார் தடுத்துவிட்டார். என் கண் ஏற்கெனவே ஒருமுறை ஏமாந்த கண்தானே. நீ பார்த்து எழுது.

ஹெப்சிபா


ஒத்தப்பாறை,
12.2.2025

அக்கா,

ஆமாம், எழுதிவிட்டேன். பரிசைத் திருப்பிக் கொடுத்தவரை மேடம் என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. நேற்று நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்கிறேன்.

கமிஷனர் பெயர் மனோஜ்குமார். திண்டுக்கல்காரர், சின்ன வயசு. விடியுமுன்னே ஜீப்பில் வந்து இறங்கினார். புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளையாகக் கிடந்தது. மனுஷர் குல்லாயும் இரண்டு ஸ்வெட்டரும் போட்டும் நடுங்கிக்கொண்டிருந்தார். எதிர்க்கட்சி வக்கீலும் பின்னாலேயே வந்தார். ஆறு மணிக்குத் தலைமடையிலிருந்து தண்ணீர் வாய்க்காலில் இறங்கியது. கணுக்கால் அளவு, கண்ணாடி மாதிரி. நாங்கள் எட்டு வீடும் அவரவர் வரப்பில் உட்கார்ந்திருந்தோம்.

என் பூண்டு நுனியெல்லாம் மஞ்சளாகிவிட்டது அக்கா. தண்ணீர் அதன் வேரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போகிறது. ஏழு மணி ஆனது, எட்டு ஆனது. கமிஷனர் மேலும் கீழும் நடந்து நடந்து பார்த்தார். வேல்ராஜிடம் நின்று, “ஏங்க, காயுதே, கொஞ்சம் திருப்பி விட்டா யாருக்குத் தெரியப்போகுது?” என்று கேட்டார்.

“யாருக்கும் தெரியாது சார்.”

“பின்னே?”

வேல்ராஜ் தலையைச் சொறிந்தார். “என் முறை வெள்ளிக்கெழம சார்” என்றார்.

எதிர்க்கட்சி வக்கீல் சிரித்தார். “நீங்க வர்றீங்கன்னு இன்னைக்கு நடிக்கிறாங்க சார். அந்த நல்லுசாமியே இதை மறந்திருப்பான்.”

கமிஷனர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அவர் நம்பர் யார்கிட்ட இருக்கு?” என்று கேட்டார். என்னிடம் இருந்தது. சிக்னல் கிடைக்கிற வளைவுக்கு எல்லோருமாக ஏறினோம். ஸ்பீக்கரில் போட்டேன். நல்லுசாமி அண்ணன் பனியன் கம்பெனியில் அயர்ன் பண்ணுகிறார். பின்னால் மிஷின் சத்தம். கமிஷனர், தான் யார் என்று சொல்லிவிட்டு, “ஒத்தப்பாறையில உங்களுக்குத் தண்ணி முறை இருக்கா?” என்று கேட்டார்.

மிஷின் சத்தம் கொஞ்சம் தள்ளிப் போனது. பிறகு, “செவ்வாக்கெழம வெள்ளனே ஆறுக்கு எறங்கும் சார், பத்து மணி வரைக்கும். பத்துக்குமேல ரோகிணி மாமனார் வீட்டு முறை” என்றார். எதிர்க்கட்சி வக்கீல் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அந்த வக்கீலும் விடவில்லை. குனிந்து போனில், “இங்க பூண்டு காயுது. உங்க தண்ணிய இவங்க எடுத்துக்கலாமா?” என்றார்.

“காயுதா? எடுத்துக்கிடச் சொல்லுங்க சார்! எனக்கு அது எதுக்கு? வெரசா எடுத்துக்கிடச் சொல்லுங்க!”

கீழே வந்து கமிஷனர் அதை எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், என் வயல்தானே வாய்க்காலை ஒட்டிக் கிடக்கிறது. அப்போது வழக்கெல்லாம் எனக்கு ஞாபகமே இல்லை அக்கா. பூண்டுதான் கண்ணில் நின்றது. எழுந்து இரண்டு எட்டு நடந்தேன். கையால் ஒரு பிடி மண்ணைத் தள்ளினால் போதும். யாரும் என்னைத் தடுக்கவில்லை. நான் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன். ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

வீரம்மாள் சித்திதான் பேசினார். “போன்ல சொன்னா ஆச்சா சார்? முறைக்காரன் மடைக்கு வரணும். வராட்டி அது போகட்டும்” என்றார்.

பத்து மணி வரைக்கும் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. அப்புறம் என் முறை. மெலிந்த தண்ணீரில் பாதி வயல்தான் நனைந்தது. கமிஷனர் பேனாவை மூடிவிட்டுக் குல்லாயைக் கழற்றினார். ஜீப்புக்குப் போகிற வழியில் வாய்க்கால் குறுக்கே வந்தது. ஷூவெல்லாம் சேறு. குனிந்து கழுவப் போனவர் சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்து, “இது இப்ப உங்க தண்ணிதானேம்மா, கழுவிக்கலாமா?” என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது அக்கா. கழுவிக்குங்க சார் என்றேன்.

ரோகிணி


சென்னை,
21.2.2025

அன்புள்ள ரோகிணி,

பென்சன் சார் சொல்லியிருப்பார். இடைக்காலத் தடை கிடைத்துவிட்டது. வழக்கு முடியும்வரை கல்லோடையில் யாரும் குழாய் போடக்கூடாது. செவ்வாய் முறை உயிரோடு இருக்கும் முறையாகவே கருதப்படும். கமிஷனர் அறிக்கை பதினோரு பக்கம். ‘நான்கு மணி நேரம் எதுவும் நடக்காமல் இருந்ததை நான் என் கண்ணால் கண்டேன்’ என்று அதில் ஒரு வாக்கியம் இருக்கிறது. நான் எழுதியிருக்க வேண்டிய வாக்கியம் அது. பொறாமையாக இருக்கிறது.

என் நேர்காணலை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவிட்டார்கள். வருத்தம் இல்லை என்று சொன்னால் நம்பமாட்டாய், இருக்கிறது. செய்தி மடல்காரர்கள் அண்மைப் பணி என்ன என்று கேட்டார்கள். ‘ஒரு தவறைத் திருத்தினேன்’ என்று எழுதிக் கொடுத்தேன். இடம் இல்லை என்று வெட்டிவிட்டார்கள்.

நேற்று எங்கள் துறைக் கருத்தரங்கில் கட்டுரை எதுவும் வாசிக்கவில்லை. பென்சன் சாரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு அந்த அறிக்கையையும், உன் கடிதத்தில் சில பகுதிகளையும் வாசித்தேன். முப்பது சட்டப் பேராசிரியர்கள் ஒரே அறையில் பேசாமல் இருப்பது எங்கேயும் நடக்காத காரியம். நேற்று நடந்தது. ஃபெமினாதான் முதலில் வாயைத் திறந்தாள். “விண்வெளியில யாருக்கும் சொந்தமில்லாததை யார் முதல்ல எடுக்கிறதுன்னுதான் எல்லாரும் சண்டை போடறாங்க. இவங்க, சொந்தக்காரரே எடுத்துக்கோன்னு சொன்னப்புறமும் ஏன் எடுக்கல?” என்று கேட்டாள்.

கட்டம் போடாமல் உன்னைக் கேட்கிறேன். ஏன் எடுக்கவில்லை ரோகிணி?

ஹெப்சிபா


ஒத்தப்பாறை,
26.2.2025

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் திங்கட்கிழமை வந்தது. பதில் தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நேற்று செவ்வாய். நேற்றுக் காலையில் எனக்குத் தெரிந்துவிட்டது.

நல்லுசாமி அண்ணன் வந்தார். முந்தின நாளே பழனி வரை வந்து, இரவு அங்கே தங்கி, விடியுமுன் காய்கறி வேனில் தொற்றி ஏறி வந்திருக்கிறார். தலை முழுக்க நரை. முதலில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. வீரம்மாள் சித்திதான், “ஏலே, நல்லுச்சாமியா?” என்று கத்தினார். அவர் யாரிடமும் நின்று பேசவில்லை. நேராகத் தலைமடைக்குப் போய்விட்டார். மணி ஆறாகப் பத்து நிமிடம் இருந்தது.

உங்களிடம் மறைக்கமாட்டேன். எனக்கு ஆசை வந்துவிட்டது. முறைக்காரரே வந்துவிட்டார், போனில் கொடுத்தவர் நேரில் கொடுக்கமாட்டாரா? அவர் நிலத்தில் என்ன இருக்கிறது, முழங்கால் உயரப் புல்லைத் தவிர? பக்கத்தில் என் பூண்டு கிடக்கிறது. இன்னும் ஒரு தண்ணீர் கிடைத்தால் பாதியாவது தேறும். நான் மட்டுமில்லை, எல்லோரும் அப்படித்தான் எதிர்பார்த்தோம்.

ஆறு மணிக்குத் தண்ணீர் இறங்கியது. அவர் தன் மடையைத் திறந்து, தன் தரிசு நிலத்துக்கே திருப்பினார்.

வேல்ராஜுக்குப் பொறுக்கவில்லை. துண்டை உதறிக்கொண்டு, “ஏண்ணே, காயுற பூண்டு பக்கத்துல கெடக்கு, நீ புல்லுக்குப் பாய்ச்சுற?” என்று போனார். வீரம்மாள் சித்தி, “அவன் முறை. வாய மூடுலே” என்றார். எனக்கும் கோபம்தான். கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்க்கவில்லை.

பிறகு பார்த்தேன். வெறும் மண் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தது. அவர் தண்ணீரோடு கூடவே நடந்தார், இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும். செருப்பைக் கழற்றிவிட்டார். முழங்கால்வரை சேறு. ஒரு மூலையில் நின்று அழுதார். அப்புறம் எங்கள் பக்கம் திரும்பி, “நான் இந்த ஊருக்குச் செத்துப்போயிட்டேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்மா. அந்த சார் போன் பண்ணப்பதான், தண்ணி இன்னமும் எம்பேருக்கு எறங்குதுன்னு தெரிஞ்சது” என்றார்.

ஃபெமினா மேடத்திடம் சொல்லுங்கள் அக்கா. அந்தத் தண்ணீரை ஒரே ஒரு செவ்வாய் நாங்கள் எடுத்திருந்தால், இந்த மனுஷன் இனி வரமாட்டான் என்று நாங்களே முடிவு கட்டினதாக ஆகியிருக்கும். அதனால்தான் எடுக்கவில்லை. அன்றைக்கு இது எனக்குத் தெரியாது. ஆனாலும் எடுக்கவில்லை.

மணி பத்தானது. அவர் முறை முடிந்தது. தன் மடையை மண் போட்டு அடைத்து, காலால் மிதித்து இறுக்கினார். “அடுத்தது யாரு?” என்று கேட்டார். நான்தான் அண்ணே என்றேன். அவரே என் வரப்பை வெட்டி, தண்ணீரை என் வயலுக்குத் திருப்பிவிட்டார்.

உங்கள்
ரோகிணி